வீட்டு இருட்டறை: பிரின்ட் பேப்பரின் வெள்ளை பார்டர் சாம்பலாக வருகிறது. பேப்பரை எங்கே, எப்படி வைப்பது?

நிழற்பெட்டி எழுதியது:

வணக்கம். சென்னையில், கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டில் 6×5 அடி குளியலறையை இருட்டறையாகப் பயன்படுத்துகிறேன். கருப்பு வெள்ளை மட்டும்தான். 8×10 அங்குல அளவில் வேரியபிள் கான்ட்ராஸ்ட் (ஃபில்டரை மாற்றினால் கான்ட்ராஸ்ட் மாறும்) ஆர்.சி. (பிளாஸ்டிக் பூச்சுள்ள) பேப்பர், 100 தாள் பெட்டி, பாதிக்கு மேல் மீதி இருக்கிறது. கொஞ்ச காலமாக பார்டர் சுத்த வெள்ளையாக வருவதில்லை, லேசான சாம்பல் படிகிறது. கான்ட்ராஸ்ட்டும் இறங்கிவிட்டது. முன்பு 2½ ஃபில்டரில் வந்த நெகட்டிவ் இப்போது 3½ கேட்கிறது.

விவரங்கள்: பேப்பர் பெட்டி அடுத்த அறையில் புதிதாகச் செய்த ப்ளைவுட் அலமாரியில் இருக்கிறது. அதே அலமாரியின் கீழ்த்தட்டில்தான் கெமிக்கல் பாட்டில்கள். சேஃப் லைட் (பேப்பரைப் பாதிக்காத மங்கிய விளக்கு) சிவப்பு எல்.இ.டி. பல்பு, ட்ரேயிலிருந்து சுமார் 3 அடி. டெவலப்பர் குழாய்த் தண்ணீரில் கலந்தது, இந்த மாதங்களில் 30 டிகிரி இருக்கும்.

தெரிந்துகொள்ள வேண்டியவை: பேப்பரைக் கெடுப்பது வெளிச்சமா, சூடா, ஈரமா என்று எப்படிப் பிரித்துக் கண்டுபிடிப்பது? ஃபிரிட்ஜில் வைக்கலாமா? பிரின்ட் போடும்போது பேப்பரை வைக்க ஒரு பெட்டி வீட்டிலேயே செய்ய முடியுமா? கூடவே, பிரிக்காத பழைய 'இந்து' பிராண்ட் புரோமைடு பேப்பர் பாக்கெட் ஒன்று கிடைத்திருக்கிறது. அதை எப்படிச் சோதிப்பது?


வெள்ளியுப்பு எழுதியது:

சேமிப்பைப் பற்றிப் பேசுமுன் நோய் எது என்று பார்த்துவிடுங்கள். பேப்பர் கெட்டிருப்பதும், சேஃப் லைட் கெடுப்பதும், டெவலப்பர் கெடுப்பதும் பார்டரில் ஒரே சாம்பலாகத்தான் தெரியும். காரணம் தெரியாமல் ஃபிரிட்ஜுக்கு மாற்றினால் எதுவும் மாறாது.

சேஃப் லைட்டையும் அணைத்துவிட்டு, முழு இருட்டில் பெட்டியின் நடுவிலிருந்து ஒரு தாளை எடுத்து நான்கு பட்டைகளாக வெட்டுங்கள். இருட்டில் அடையாளம் தெரிய மூலைகளைக் கத்தரியுங்கள்: முதல் பட்டைக்கு ஒரு மூலை, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு மூன்று, நான்காவதை அப்படியே விடுங்கள்.

முதல் பட்டை டெவலப்பரைப் பார்க்கவே கூடாது. நேராக ஃபிக்ஸரில் (கறுக்காத வெள்ளி உப்பை நீக்கும் கரைசல்) 2 நிமிடம். இதுதான் உங்கள் பேப்பரின் உண்மையான வெள்ளை, மற்றதையெல்லாம் இதோடுதான் ஒப்பிட வேண்டும். இரண்டாவது பட்டையை முழு இருட்டிலேயே வழக்கமான நேரம் டெவலப் செய்து ஃபிக்ஸ் செய்யுங்கள். மூன்றாவதை ட்ரே இருக்கும் இடத்தில் சேஃப் லைட்டின் கீழ் 5 நிமிடம் வைத்துவிட்டு, பிறகு டெவலப் செய்யுங்கள். நான்காவதை முழு இருட்டில், 20 டிகிரிக்குக் குளிரவைத்த புதிய டெவலப்பரில். டெவலப்பரை நேரடியாக ஐஸ் போட்டுக் குளிரவைத்தால் கரைசல் நீர்த்துவிடும். ஐஸ் தண்ணீர் நிரப்பிய பெரிய ட்ரேக்குள் டெவலப்பர் ட்ரேயை மிதக்க விடுங்கள்.

நான்கையும் கழுவிக் காயவைத்து, பகல் வெளிச்சத்தில் முதல் பட்டைக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். இரண்டாவது வெள்ளையாக இருந்து மூன்றாவது மட்டும் சாம்பல் என்றால் குற்றம் சேஃப் லைட்டில். இரண்டாவது சாம்பல், நான்காவது வெள்ளை என்றால் சூடான அல்லது பழைய டெவலப்பர்தான் காரணம். 30 டிகிரி டெவலப்பரில் வழக்கமான நேரம் முழுக்க வைத்தால் நல்ல பேப்பரிலும் ஃபாக், அதாவது வெளிச்சம் படாத இடத்திலும் சாம்பல் மூட்டம், வரும். இரண்டாவது, நான்காவது இரண்டுமே சாம்பல் என்றால் பேப்பரே கெட்டிருக்கிறது.

பேப்பர்தான் என்று தெரிந்தால் இன்னொரு படி. மேல் தாள், நடுத் தாள், அடித் தாள் மூன்றையும் வெட்டாமல் முழுசாக, எக்ஸ்போஸ் செய்யாமல், இருட்டில் டெவலப் செய்யுங்கள். சாம்பல் எங்கே படிகிறது என்பதில்தான் காரணம் இருக்கிறது. மேல் தாள் அதிகமாகவும் கீழே போகப் போகக் குறைவாகவும் கறுத்திருந்தால், அல்லது ஒரே ஓரத்திலிருந்து ஆப்பு வடிவத்தில் கறுப்பு உள்ளே இறங்கினால், உறை சரியாக மடிக்கப்படாமல் வெளிச்சம் புகுந்திருக்கிறது. எல்லாத் தாளும் ஒரே சீராகச் சாம்பல் என்றால் சூடு அல்லது வயது. எல்லாத் தாளிலும் நான்கு விளிம்பும் கறுத்து நடு மட்டும் தெளிவாக இருந்தால் வாயு. அடுக்கிய தாள்களுக்கு நடுவே வாயு விளிம்பு வழியாகத்தான் நுழைய முடியும். திட்டுத் திட்டாக, படை படர்ந்ததுபோல் இருந்தால் ஈரமும் பூஞ்சையும்.


கதிரொளி எழுதியது:

மேலே சொன்ன மூன்றாவது பட்டையில் ஒரு ஓட்டை இருக்கிறது. கொஞ்சமாவது வெளிச்சம் சேர்ந்தால்தான் பேப்பர் கறுக்கத் தொடங்கும். அந்த வரம்புக்குக் கீழே இருக்கும் சேஃப் லைட் ஒளி வெற்றுப் பேப்பரில் தெரியாது. ஆனால் என்லார்ஜர் (நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் கருவி) ஒளி ஏற்கெனவே பட்ட இடத்தில் அதே ஒளி மேலே சேர்ந்து வெளிர் நிறங்களை மங்கலாக்கும். அதனால் பார்டர் வெள்ளையாக இருந்தும் படம் சப்பென்று வரும். சேஃப் லைட்டைச் சோதிக்க வேண்டியது வெற்றுப் பேப்பரில் அல்ல, முன்பே லேசாக ஒளி காட்டிய பேப்பரில்.

என்லார்ஜர் தலையை உயர்த்தி, லென்ஸை எஃப்/16-க்குக் குறைத்து, நெகட்டிவ் இல்லாமல் ஒரு டெஸ்ட் ஸ்ட்ரிப் போடுங்கள். டெவலப் செய்தால் மிக வெளிறிய சாம்பல் வரும் நேரத்தைக் கண்டுபிடியுங்கள். சேஃப் லைட்டை அணைத்துவிட்டு அந்த நேரத்துக்கு ஒரு முழுத் தாளை எக்ஸ்போஸ் செய்து, ட்ரே இருக்கும் இடத்தில் வைத்து, மேலே வரிசையாக நாலைந்து நாணயங்களை அடுக்குங்கள். பிறகு சேஃப் லைட்டைப் போட்டு, அட்டையால் மூடிக்கொண்டே வந்து 1, 2, 4, 8 நிமிடப் பகுதிகளாகப் பிரியுங்கள். மறுபடி சேஃப் லைட்டை அணைத்து, இருட்டில் டெவலப் செய்யுங்கள். எந்தப் பகுதியில் நாணயத்தின் வட்டம் முதலில் தெரிகிறதோ, அதற்கு முந்தைய பகுதிதான் உங்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்பான நேரம். பெட்டியிலிருந்து தாள் வெளியே வந்ததிலிருந்து ஃபிக்ஸரில் விழும்வரை மொத்தத்தையும் இதற்குள் முடிக்க வேண்டும்.

வேரியபிள் கான்ட்ராஸ்ட் பேப்பரில் இதைக் கூடுதலாகக் கவனிக்கக் காரணம் உண்டு. அது நீலத்துக்கும் பச்சைக்கும் சேர்த்தே உணர்வு கொண்டது. பச்சை ஒளி பட்டால் குறைந்த கான்ட்ராஸ்ட் பகுதிதான் தூண்டப்படும். சேஃப் லைட்டில் பச்சை கசிந்தால் கான்ட்ராஸ்ட் இறங்கும். நீங்கள் சொன்ன 2½-லிருந்து 3½ மாற்றம் இப்படியும் வரலாம், பேப்பர் கெட்டும் வரலாம். அதனால்தான் சோதனை வேண்டும் என்கிறோம்.

சிவப்பு எல்.இ.டி. என்று விற்பவற்றில் இரண்டு வகை உண்டு. சிப்பே சிவப்பாக ஒளிர்வது ஒன்று, பெரும்பாலும் 620 நானோமீட்டருக்கு மேல், பேப்பருக்கு நல்லது. மற்றது வெள்ளை எல்.இ.டி. மேல் சிவப்பு மூடி போட்டது. அதில் நீலமும் பச்சையும் கசியும். ரிமோட்டில் நிறம் மாற்றும் பல்புகளையும் சோதிக்காமல் நம்ப வேண்டாம். விரைவாகப் பார்க்க ஒரு பழைய சி.டி. போதும். இருட்டில் அதன் அடிப்புறத்தில் பல்பின் பிரதிபலிப்பைச் சாய்த்துப் பாருங்கள். சிவப்புப் பட்டை மட்டும் தெரிந்தால் முதல் படி தேறியது. பச்சையோ நீலமோ எட்டிப் பார்த்தால் அந்த பல்பு வேண்டாம். மங்கலான கசிவை சி.டி. காட்டாது என்பதால் நாணயச் சோதனையைத் தவிர்க்க முடியாது.

3 அடி கொஞ்சம் நெருக்கம். 4 அடி, அதாவது 1.2 மீட்டர் தள்ளுங்கள். அறை சின்னதாக இருப்பதால் பல்பைக் கூரையைப் பார்த்துத் திருப்பினால் ட்ரே மேல் ஒளி பரவலாக விழும். எக்ஸாஸ்ட் ஃபேனின் சிவப்புச் சுவிட்ச் விளக்கு, கீசரின் இண்டிகேட்டர், மின்னும் கடிகார முள் எல்லாவற்றையும் கருப்பு டேப்பால் மூடிவிடுங்கள். கைப்பேசி இருட்டறைக்கு வெளியே.


நிழற்பெட்டி எழுதியது:

மிக்க நன்றி. இரண்டு சோதனைகளும் முடிந்தன. நாணயச் சோதனையில் 4 நிமிடம் வரை சுத்தம், 8-இல் வட்டம் மங்கலாகத் தெரிகிறது. சி.டி.யில் சிவப்பு மட்டும். குளிர்ந்த டெவலப்பரில் போட்ட நான்காவது பட்டை இரண்டாவதைவிடக் கொஞ்சம் வெளுப்பு, ஆனாலும் முதல் பட்டையின் வெள்ளை இல்லை. முழுத் தாள்களில் மேல், நடு, அடி மூன்றிலும் நான்கு விளிம்பும் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்துக்குக் கறுத்திருக்கிறது. நடுவில் மிக லேசான சாம்பல். அலமாரியின் கீழ்த்தட்டில் பிரின்ட்டைப் பழுப்பாக்கும் செபியா டோனர் பாட்டிலும் இருக்கிறது, சல்ஃபைடு வகை.


வெள்ளியுப்பு எழுதியது:

அப்படியென்றால் விளிம்பில் இருப்பது வாயு, நடுவில் இருப்பது சூடு. சேஃப் லைட் பிழைத்தது, 4 நிமிடத்துக்குள் வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

சல்ஃபைடு டோனரிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வெளிவரும், அந்த அழுகிய முட்டை நாற்றம் அதுதான். வெள்ளி உப்பை இதைவிட வேகமாகக் கெடுக்கும் வாயு வீட்டில் வேறு இருக்காது. மூடி இறுக்கமாக இருப்பதாக நினைத்தாலும் பேப்பர் இருக்கும் அலமாரியில் இந்த பாட்டில் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது. டோனிங் வேலையையும் மொட்டை மாடியிலோ பால்கனியிலோ செய்யுங்கள், அறைக்குள் வேண்டாம்.

அலமாரியும் குற்றவாளிதான். ப்ளைவுட், மரத்தூள் பலகை இரண்டிலும் ஒட்டுப்பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வெளியேறிக்கொண்டே இருக்கும், புதிதாக இருக்கும்போது அதிகமாக. புதுப் பெயின்ட், வார்னிஷ், டர்பன்டைன், அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர், ஹைட்ரஜன் பெராக்சைடு, பூஞ்சைத் தடுப்பு மருந்துகள் எல்லாமே விலக்க வேண்டியவை. துணிக்கு வைக்கும் பாச்சை உருண்டையையும் பேப்பர் பக்கத்தில் வைக்காதீர்கள்.

நல்ல இடம் நம் வீடுகளிலேயே இருக்கிறது: பழைய இரும்பு பீரோ. பெயின்ட் எப்போதோ காய்ந்து முடிந்தது, மரப்பசை கிடையாது, கதவு மூடினால் இருட்டு. மேற்கு வெயில் படும் வெளிச்சுவரை ஒட்டாமல், உள்சுவர் ஓரமாக இருக்கும் பீரோவின் நடுத்தட்டு. பரண் கூடவே கூடாது. கான்கிரீட் தளத்துக்குக் கீழே மே மாதத்தில் வீட்டிலேயே சூடான இடம் அதுதான். தரையும் வேண்டாம், ஈரம் ஏறும். ஃபிரிட்ஜின் தலைமேலும் வேண்டாம், சூடும் அதிர்வும் உண்டு.

பெட்டியைப் படுக்கையாக வையுங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று நான்குக்கு மேல் அடுக்காதீர்கள். எடை அழுத்தினாலே எமல்ஷனில் (பேப்பர் மேல் உள்ள, ஒளி உணரும் பூச்சு) தழும்பு விழும், டெவலப் செய்யும்போதுதான் அது தெரியவரும். நிறுத்தி வைத்தே ஆகவேண்டும் என்றால் பெட்டி நிறைய இருக்க வேண்டும், குறைந்தால் உள்ளே கெட்டி அட்டை கொடுத்து நிரப்புங்கள். இல்லாவிட்டால் தாள் வளைந்து, என்லார்ஜரின் கீழ் அதைத் தட்டையாகப் பிடிக்கும் ஈசலில் படியாது.

இருக்கும் தாள்களைத் தூக்கிப் போட வேண்டாம். விளிம்பில் 2 சென்டிமீட்டர் வெட்டிவிட்டு சிறிய பிரின்ட்டுக்குப் பயன்படுத்துங்கள். நடுவில் இருக்கும் லேசான சாம்பலுக்கு, ஃபாக்கைக் குறைக்கும் பென்சோட்ரையசோல் என்ற கெமிக்கல் உதவும். 1 கிராமை 100 மில்லி வெந்நீரில் கரைத்தால் 1 சதக் கரைசல், பொறுமையாகத்தான் கரையும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் டெவலப்பருக்கு முதலில் 10 மில்லி, போதாவிட்டால் 5 மில்லியாகக் கூட்டி 30 வரை. எக்ஸ்போஷர் அதிகம் கேட்கும், டோன் நீலம் கலந்த கறுப்பாகத் திரும்பும். 30-ஐத் தாண்டிப் போனால் ஃபாக் குறைவதைவிடப் படம் கெடுவது அதிகம்.


கடற்காற்று எழுதியது:

ஃபிரிட்ஜ் கேள்விக்கு வருகிறேன். கடலோர ஊரில் இதில்தான் அதிகம் பேர் பேப்பரை இழக்கிறார்கள்.

பேப்பருக்கு வேண்டியது 21 டிகிரிக்குக் கீழே, 40 முதல் 60 சதம் ஈரப்பதம். சென்னையில் வருடத்தில் எந்த மாதமும் இயற்கையாக இது அமையாது. ஃபிரிட்ஜ் வெப்பத்தைத் தீர்க்கும், அதில் சந்தேகமில்லை. 4 முதல் 8 டிகிரியில் பேப்பர் மிக மெதுவாகத்தான் வயதாகும். ஆனால் ஃபிரிட்ஜிலிருந்து வெளியே எடுக்கும்போதுதான் ஆபத்து. அறையில் 30 டிகிரி, 75 சதம் ஈரப்பதம் என்றால் 25 டிகிரிக்குக் கீழே இருக்கும் எதன் மேலும் நீர் கோர்க்கும். ஏ.சி. போட்டு 24 டிகிரி, 55 சதம் ஆக்கினாலும் 14 டிகிரிக்குக் கீழே இருப்பது வியர்க்கும். ஃபிரிட்ஜிலிருந்து வந்த பாக்கெட்டை உடனே பிரித்தால் ஜெலட்டின் அந்த நீரைக் குடித்து உப்பும், தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டும், பிரிக்கும்போது பளபளப்பு உரியும். ஒட்டாவிட்டாலும் திட்டுத் திட்டான ஃபாக் வரும்.

ஆகவே பெட்டி முழுவதையும் ஃபிரிட்ஜில் வைத்துத் தினமும் எடுத்துப் போடும் பழக்கம் வேண்டாம். 100 தாள் பெட்டி வந்ததும் 25 தாளாகப் பிரித்துவிடுங்கள். ஒரு 25 பீரோவில், மீதி மூன்றும் ஃபிரிட்ஜில். வெளியே இருப்பது தீரும்போது அடுத்ததை எடுங்கள். ஒருமுறை வெளியே எடுத்துப் பை திறந்த கட்டு திரும்ப உள்ளே போகக் கூடாது.

பிரிப்பதற்குக் கருப்பு உறை வேண்டும். குப்பைப் பை மெல்லியது, வெளிச்சம் விடும். பழைய பேப்பர் பெட்டிகளில் வந்த உறைகளைச் சேர்த்து வைப்பதே நல்லது. எந்த உறையானாலும் இருட்டறையில் கைப்பேசி டார்ச்சை உள்ளே போட்டு வாயைப் பிடித்துக்கொண்டு சுற்றிப் பாருங்கள், ஊசித்துளை இருந்தால் நட்சத்திரம்போல் தெரியும். இந்தச் சோதனை நடக்கும்போது அறையில் பேப்பர் எதுவும் திறந்திருக்கக் கூடாது.

ஏ.சி. அறை பக்கத்தில் இருந்தால் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, அங்கே இரவில் முழு இருட்டில் பிரிப்பது நல்லது. 25 தாளுக்கு மேலும் கீழும் ஒரு அட்டை. எல்லாத் தாளும் ஒரே திசையில், எமல்ஷன் பக்கம் உள்நோக்கி. உறையின் வாயை இரண்டு முறை மடித்து டேப். அதை இரண்டாவது கருப்பு உறையில், மடிப்பு எதிர்ப்பக்கம் வருமாறு போடுங்கள். அதன் பிறகு கெட்டியான ஜிப் பை, உள்ளே காற்றை முடிந்தவரை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். காற்று குறைவாக இருந்தால் அதோடு போகும் நீராவியும் குறைவு, அந்தச் சிறிதளவைப் பேப்பரே சமாளித்துக்கொள்ளும். ஜிப் பைக்கு மேல் எழுத வேண்டியவை: பேப்பர் வகை, தொகுதி எண், பிரித்த தேதி. வீட்டில் மற்றவர்கள் பார்க்கும்படி "திறக்காதீர்கள், வெளிச்சம் பட்டால் கெடும்" என்று பெரிய எழுத்தில்.

வெளியே எடுக்கும்போது ஜிப் பையைத் திறக்காமல் அறையில் வையுங்கள். 25 தாள் கட்டுக்குக் குறைந்தது 4 மணி நேரம், முழுப் பெட்டி என்றால் முந்தைய இரவே எடுத்து வைப்பது பாதுகாப்பு. பையின் வெளியே கோர்த்த நீரைத் துடைத்து, திரும்பக் கோர்க்கவில்லை என்று பார்த்த பிறகே திறக்கலாம்.

பீரோவில் இருக்கும் கட்டுக்கு சிலிக்கா ஜெல். கருப்பு உறைக்குள் போட வேண்டாம், அதன் தூள் எமல்ஷனில் கறை போடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவுக்குள் உறையை வைத்து, ஜெல்லைத் துணிப்பையில் ஓரமாகப் போடுங்கள். ஆரஞ்சு வகை பச்சையாக மாறினால் 120 டிகிரி அவனில் 2 மணி நேரம் வைத்தால் மறுபடி தயார். அதே டப்பாவில் ஒரு சின்ன ஈரப்பதமானி. கடையில் வாங்கும் மீட்டர்கள் பத்து சதம்வரை தப்பாகக் காட்டக்கூடும், அதனால் முதலில் சோதியுங்கள்: ஒரு மூடியில் சமையல் உப்பைச் சில துளி நீரில் சேறுபோல் குழைத்து, மீட்டரோடு ஒரு டப்பாவில் 8 மணி நேரம் மூடி வைத்தால் உள்ளே 75 சதம் நிற்கும். மீட்டர் என்ன காட்டுகிறதோ அந்த வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஈரம் 30 சதத்துக்குக் கீழே இறங்கினாலும் நல்லதில்லை, தாள் சுருளும், உரசும்போது நிலைமின்சாரம் வரும். ஜெல்லைக் கொட்டி நிரப்பாமல் ஒரு சின்னப் பை போதும்.

குளியலறைக்குள் பேப்பரைச் சேமிக்கவே வேண்டாம். அன்றைக்கு வேண்டிய தாள் மட்டும் உள்ளே போகட்டும்.


ரீப்பர்கட்டை எழுதியது:

பெட்டி செய்யலாம், ஒரு மாலை வேலை. ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். இது பிரின்ட் போடும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு 10, 15 தாளை வைத்துக்கொள்ள மட்டும். ப்ளைவுட்டில் செய்தால் மேலே சொன்ன ஃபார்மால்டிஹைடு பிரச்சினை இதற்கும் பொருந்தும், வேலை முடிந்ததும் மீதியைக் கருப்பு உறைக்குத் திருப்பிவிட வேண்டும். 3 மி.மீ. கருப்பு அக்ரிலிக் ஷீட் கிடைத்தால் அதுவே மேல்.

8×10 தாளுக்கு உள்ளளவு 8½×10½ அங்குலம், ஆழம் 2 அங்குலம். கால் அங்குல இடைவெளி இருந்தால்தான் இருட்டில் விரல் நுழைத்து ஒற்றைத் தாளாக எடுக்க முடியும். மூடி சாதாரணத் தட்டையாக இருந்தால் விளிம்பில் வெளிச்சம் நேராக உள்ளே போகும். மூடிக்கு நான்கு பக்கமும் 1 அங்குலம் இறங்கும் சுவர் வேண்டும், பெட்டியின் வெளிப்பக்கத்தை மூடிக்கொண்டு. அதற்கு மேல் மூடியின் உள்ளே, பெட்டியின் உட்சுவரை ஒட்டி ஒரு ரீப்பர். இப்போது வெளிச்சம் உள்ளே வர இரண்டு முறை திரும்ப வேண்டும். திரும்பும் இடமெல்லாம் மேட் பிளாக் அடித்தால் அங்கேயே அடங்கிவிடும். பளபளப்பான கருப்பு எனாமல் வேலைக்கு ஆகாது, அது ஒளியை உள்ளே கடத்தும். பெயின்ட் அடித்த பெட்டி வாசனை முழுக்கப் போகும்வரை வெயிலில் திறந்து கிடக்கட்டும், ஒன்றிரண்டு வாரமாவது ஆகும்.

கீல் பக்கம்தான் எல்லோருக்கும் கசியும் இடம். நீளமான பியானோ கீல் போட்டு, உள்பக்கத்தில் கருப்பு வெல்வெட் துணிப் பட்டை ஒட்டுங்கள். மூடி தானாக விழுந்து மூடும்படி இருக்க வேண்டும், திறந்து நிற்கக் கூடாது. அதனால் 90 டிகிரிக்கு முன்பே தடுக்கும் ஒரு கட்டை வையுங்கள். கையை எடுத்ததும் மூடிக்கொள்ளும். வெள்ளை விளக்கைப் போடும்போது மூடி திறந்திருப்பதுதான் இந்தப் பெட்டிகளில் நடக்கும் ஒரே பெரிய விபத்து. சுவரில் வெள்ளை விளக்கின் சுவிட்ச்சுக்கு மேல் ஒரு மூடியைத் திருகிவிடுங்கள், அதைத் தூக்கினால்தான் போட முடியும் என்று இருக்கட்டும்.

சோதனை: பெட்டிக்குள் ஒரு தாள், எமல்ஷன் மேலே, நடுவிலும் நான்கு மூலைகளிலும் நாணயம். மூடி, வெள்ளை விளக்கில் ஒரு மணி நேரம், பெட்டியைப் பக்கம் பக்கமாகத் திருப்பி வைத்து. டெவலப் செய்தால் நாணயத் தடம் எங்கும் தெரியக் கூடாது. ஒரு மூலையில் தெரிந்தால் அந்த மூலைதான் கசிகிறது.


பழைய ஸ்டுடியோ எழுதியது:

தம்பி, இந்து பேப்பர் விஷயம். அதைத் தயாரித்த ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1967-இல் உற்பத்தி தொடங்கிய கம்பெனி, இப்போது இல்லை. அதனால் உங்கள் கையில் இருப்பது எப்படிப் பார்த்தாலும் பழைய சரக்கு. பாக்கெட் பிரிக்காமல் இருக்கிறது என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இத்தனை வருஷம் எந்தச் சூட்டில் கிடந்தது என்பதுதான் கணக்கு. குன்னூர் வீட்டு அலமாரியில் கிடந்ததும் வேலூர் பரணில் கிடந்ததும் ஒன்றாகாது.

புரோமைடு ஃபைபர் பேப்பர் (பிளாஸ்டிக் பூச்சு இல்லாத காகிதம்) ஆர்.சி.யைவிட வயதைத் தாங்கும். சில ஆர்.சி. பேப்பர்களில் எமல்ஷனுக்குள்ளேயே டெவலப்பர் சேர்த்திருப்பார்கள், அவை சீக்கிரம் போய்விடும். பாக்கெட்டைப் பிரித்து நடுத்தாளில் வெள்ளியுப்பு சொன்ன அதே பட்டைச் சோதனையைச் செய்யுங்கள். கூடவே ஒரு டெஸ்ட் ஸ்ட்ரிப், 5, 10, 20, 40 விநாடி. பழைய பேப்பர் வேகம் இழந்திருக்கும், நல்ல கறுப்பு விழ எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 40-இலும் கறுப்பு சாம்பலாகவே நின்றால் சாதாரண பிரின்ட்டுக்கு அது ஆகாது.

ஃபாக் லேசாக இருந்தால் பென்சோட்ரையசோல் 15 மில்லியிலிருந்து ஆரம்பியுங்கள். அதன்பிறகும் வெள்ளையில் மூட்டம் இருந்தால் ஃபிக்ஸ் செய்து கழுவிய பிரின்ட்டை, வெள்ளியைக் கரைத்து வெளுக்கவைக்கும் ஃபார்மர் ரெட்யூசரில் முக்கி எடுக்கலாம். 1 சதம் பொட்டாசியம் ஃபெரிசயனைடு கரைசலும் 10 சதம் ஹைப்போவும் (சோடியம் தயோசல்ஃபேட்) சம அளவு, பயன்படுத்தும்போது மட்டும் கலக்க வேண்டும், சில நிமிடங்களில் சக்தி போய்விடும். 10 விநாடி முக்கி, உடனே தண்ணீரில் அலசிப் பாருங்கள், வேண்டுமென்றால் மறுபடி. ஒரேயடியாக வைத்தால் முகத்தில் இருக்கும் வெளிர் நிறம் எல்லாம் போய்விடும். பிறகு புதிய ஹைப்போவில் ஃபிக்ஸ் செய்து நன்றாகக் கழுவ வேண்டும். ஃபெரிசயனைடில் ஆசிட் எதுவும் கலக்கக் கூடாது, அதைத் தனியாக வையுங்கள்.


நிழற்பெட்டி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. டோனரையும் கெமிக்கலையும் பால்கனி அலமாரிக்கு மாற்றியாயிற்று, பேப்பர் பீரோவுக்குப் போய்விட்டது. கடைசியாக இரண்டு சந்தேகம். மின்சாரம் போனால் ஃபிரிட்ஜில் இருக்கும் கட்டு என்ன ஆகும்? பெட்டி தற்செயலாக வெளிச்சத்தில் திறந்துவிட்டால் முழுக் கட்டும் போனதா?


கடற்காற்று எழுதியது:

நாலைந்து மணி நேர மின்வெட்டால் ஒன்றும் ஆகாது. கதவைத் திறக்காமல் இருந்தால் உள்ளே மெதுவாகத்தான் சூடேறும், ஜிப் பை மூடியே இருப்பதால் ஈரமும் புகாது. புயல் சமயத்தில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லையென்றால் கட்டை எடுத்து, பையைத் திறக்காமல் பீரோவில் வைத்துவிடுங்கள். மின்சாரம் வந்ததும் அப்படியே திரும்ப உள்ளே வைக்கலாம், பை திறக்கப்படவில்லை என்றால். காய்கறி டிராயரில் வைக்காதீர்கள், நீர் அங்கேதான் தேங்கும். மேல்தட்டில், பின்சுவரைத் தொடாமல்.


வெள்ளியுப்பு எழுதியது:

ஒரு விநாடி அறை விளக்குப் பட்டாலும் மேல் தாள் போய்விட்டது, சோதிக்க வேண்டியதில்லை. அடுத்தடுத்த தாள்களில் முதலில் விளிம்பு கறுக்கும், தாள் வழியாக ஊடுருவும் ஒளியால் நடுவும் கொஞ்சம். ஆர்.சி., ஃபைபர் எதுவானாலும் முழுக் கட்டும் போகாது. இருட்டில் மேலிருந்து இரண்டாவது, ஐந்தாவது, பத்தாவது தாளிலிருந்து ஓரத்தில் ஒரு அங்குலமும் நடுவில் ஒரு அங்குலமும் வெட்டி டெவலப் செய்து பாருங்கள். எந்தத் தாளிலிருந்து நடு வெள்ளையாகத் தொடங்குகிறதோ அதற்குக் கீழே உள்ளவற்றைத் தனி உறையில், "ஓரம் வெட்டவும்" என்று எழுதி வையுங்கள். நல்ல கட்டோடு கலக்காதீர்கள்.

கெட்ட தாள்களையும் தனியாக எடுத்து வைக்கலாம். இலை, பூவை மேலே வைத்து வெயிலில் காட்டி, டெவலப் செய்யாமல் ஃபிக்ஸ் மட்டும் செய்யும் லூமன் பிரின்ட்டுக்கு ஃபாக் ஆன பேப்பர் நன்றாகவே வேலை செய்யும். டப்பாவில் ஊசித்துளை போட்டு மாதக் கணக்கில் சூரியன் நகரும் பாதையைப் பதிவு செய்யும் சோலார்கிராஃபிக்கும் இதே பேப்பர் போதும். அங்கே பேப்பரை டெவலப் செய்வதும் இல்லை, ஃபிக்ஸ் செய்வதும் இல்லை. டப்பாவைத் திறந்ததும் மங்கிய வெளிச்சத்தில் நேராக ஸ்கேன் செய்துகொள்ள வேண்டும். ஸ்கேனர் விளக்கு பட்டாலே அது கறுக்கத் தொடங்கும் என்பதால், முன்னோட்டம் பார்க்காமல் முதல் ஓட்டத்திலேயே முழுத் தெளிவில் ஸ்கேன் செய்யுங்கள்.